49 வயதுக்கு மேல் ஆளில்லை

15 முதல் 49 வரை. எச்.ஐ.வி. பற்றி இந்த நாட்டில் அச்சான எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் மனிதர்கள் இருப்பார்கள். 'வயது வந்தோரில் தொற்று விகிதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்கு அர்த்தம், 15 வயசுக்கும் 49 வயசுக்கும் இடைப்பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான். ஐம்பது பிறந்த அன்றைக்கு (நம்ம ஆட்களுக்குப் பிறந்த நாள் எங்கே தெரியும், ரேஷன் கார்டில் எவரோ போட்ட வயசுதான்) ஆள் அந்தக் கணக்கிலிருந்து இறக்கிவிடப்படுகிறார். சாகவில்லை, குணமாகவும் இல்லை. கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம் இல்லை. 2005-ஆம் ஆண்டுக்கான கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 52 லட்சம் பேருக்குத் தொற்று இருப்பதாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் சொன்னது. ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு 57 லட்சம் என்றது. உலகத்திலேயே முதலிடம் எங்களுக்கா தென்னாப்பிரிக்காவுக்கா என்று பத்திரிகைகள் அப்போது சண்டை போட்டன. சண்டைக்கு நடுவில் ஒரு சங்கதி அமுங்கிப் போனது. அரசின் 52 லட்சத்தில் 15-49 வயதுக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். சிறு பிள்ளைகளையும் ஐம்பது தாண்டியவர்களையும் சேர்த்துச் சொன்ன எண் 57 லட்சம். அதே 2005-06இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முதல் தடவையாக வீடுவீடாக ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பெண்களில் 49 வரை, ஆண்களில் 54 வரை. அந்த முடிவுகளையும் வைத்துத்தான் 2007இல் நாட்டின் மொத்த எண்ணிக்கையைச் சுமார் 25 லட்சமாகக் குறைத்தார்கள். எண்கள் ஏறலாம் இறங்கலாம். ரத்தம் எடுக்க வந்தவர்கள் எங்கள் பெரியம்மா மாதிரியான பொம்பளைகளின் திண்ணையைத் தாண்டிப் போனார்கள் என்பது மாறவில்லை.

ஏன் 49? பிள்ளை பெறும் வயசு அதோடு முடிகிறது என்று வைத்திருக்கிறார்கள். 1998 முதல் நடந்துவரும் கண்காணிப்புக் கணக்கு, பிரசவத்துக்கு முந்திய சோதனைக்கு வரும் கர்ப்பிணிகளின் ரத்தத்தை அடிப்படையாக வைத்தது. தமிழ்நாட்டை 'அதிகத் தொற்றுள்ள' ஆறு மாநிலங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டதும் அந்தக் கணக்குதான். கர்ப்பிணியைச் சோதிப்பது நல்லதுதான். எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு பார்வை இருக்கிறது. பெண்ணின் உடம்பு பிள்ளையைச் சுமக்கும்போதுதான் அரசின் கண்ணுக்குத் தெரிகிறது. தீட்டு நின்ற பிறகு அந்த உடம்பு யாருக்கும் பொருட்டில்லை. அதிலும் அது சேரிப் பொம்பளையின் உடம்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த வரலாறு தொடங்கிய இடமே நம்ம ஊர்தான். 1981 ஜூனில் அமெரிக்காவில் இந்த நோய் முதலில் பதிவானது. ஐந்து வருஷம் 'அது வெள்ளைக்காரன் நோய், நம்ம பண்பாட்டுக்கு வராது' என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ரத்தம் சேகரித்தார். எங்கே போய்ச் சேகரித்தார்? பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்டு, ஜாமீன் கட்ட வழியில்லாமல் விஜிலன்ஸ் ஹோமில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம். 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது 6 பேரின் ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. அந்த வருஷமே தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நிர்மலா செய்தது சாதாரணக் காரியமல்ல. வசதி இல்லாமல் ரத்தக் குப்பிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர் அவர். சுனிதி சாலமன் 2015இல் இறக்கும்வரை நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர். அவர்கள் பெயர் நிற்க வேண்டியதுதான். எனக்கு உறுத்துவது வேறு. ரத்தம் கொடுத்த பெண்கள் இந்த வரலாற்றில் வெறும் எண்ணாகத்தான் நிற்கிறார்கள். அன்று 25 வயசு என்று வைத்தால், அவர்களில் உயிரோடு இருப்பவர் இன்று 60 தாண்டிய கிழவி. முதலில் கணக்கெடுக்கப்பட்டவளே இன்று கணக்கின் வயசுக்கு வெளியே.

அதன்பிறகு நடந்தது வாசிக்கிற தோழர்கள் பலருக்கும் தெரிந்ததே. 1992இல் தேசிய நிறுவனம், 1994இல் தமிழ்நாட்டுச் சங்கம். 1928இல் காசநோய்க்காக சவுரிமுத்து என்ற மருத்துவர் ஆரம்பித்து 1937இல் அரசு எடுத்துக்கொண்ட தாம்பரம் சானட்டோரியத்தில் 1993இலிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில் திக்கற்றவர்கள் ரயிலேறிப் போய் இறங்கின இடம் அது. பிரச்சாரமும் வந்தது. 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் புள்ளிராஜா. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரே கேட்டுச் சிரித்தது. ராஜா என்றதும் எல்லார் மனசிலும் வந்து நின்றது ஒரு வாலிபன்தான். புள்ளிராஜாவுக்கு வயசாகுமா, அவன் பெண்டாட்டிக்கு வயசாகுமா என்று எவரும் கேட்கவில்லை.

நான் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் ஒரு காலனிக்காரன். அருந்ததியர் தெரு. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது, நாமக்கல் லாரிக்கு. வண்டி முதலாளிகள் யார், பைப் தூக்குகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திரா, மராட்டியம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மழை பொய்த்த இடமெல்லாம் வண்டி போகும். எங்கள் தெரு ஆண்கள் ஹெல்ப்பராகப் போய் மாசக்கணக்கில் வெளியே கிடந்து, பொங்கலுக்கு வருவார்கள். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது. லாரி டிரைவர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நெடுஞ்சாலை ஓரத்தில் நடந்தது, ஆணுறை கொடுத்தார்கள். ரிக் வண்டியோ காட்டுக்குள் நிற்கும். கூட்டம் போடுகிறவர் அங்கே ஏன் வருகிறார்?

1990-களின் நடுவிலிருந்து எங்கள் தெருவில் சாவு விழ ஆரம்பித்தது. எல்லாம் 'டி.பி.' என்றுதான் பேர். அதில் பொய்யும் இல்லை. இந்தக் கிருமி உள்ளவர்களைக் கொல்வதில் காசநோய்தான் முதல் ஆள். என் பெரியப்பாவும் அப்படித்தான் போனார், 2003இல். அவருக்கு வயசு அப்போது 56, 57 இருக்கும். ஆக, அவரும் கணக்கில் இல்லாதவர்தான். 2001 பிப்ரவரியிலேயே பம்பாய் சிப்லா கம்பெனி மூன்று மருந்து சேர்ந்த கூட்டுச் சிகிச்சையை வருஷத்துக்கு 350 டாலருக்கு ஆப்பிரிக்காவுக்குத் தருகிறேன் என்று அறிவித்திருந்தது. இந்திய மருந்து, இந்தியாவில் செய்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தர ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1இல், அதுவும் நாடு முழுக்க எட்டே இடத்தில். பெரியப்பா செத்து ஒன்பது மாசம் கழித்து.

அவர் சாகுமுன் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது டாக்டர் என் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். பெரியம்மா வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். பத்தடி தூரம். அவளிடம் சொல்லவில்லை. 'அந்தம்மாவுக்கு வயசாயிருச்சு, இனிமே எதுக்கு மனசக் கஷ்டப்படுத்தணும்' என்றாராம். அவளுக்கு வயசு 53. சித்தப்பாவும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வீட்டில் பொண்ணு எடுக்கமாட்டார்கள் என்ற பயம். எனக்கே இதெல்லாம் தெரிந்தது எட்டு வருஷம் கழித்து. இளம் விதவைகளைக்கூடக் கூப்பிட்டுச் சோதித்தார்கள், பிள்ளை இருந்தால் பிள்ளையையும் சோதித்தார்கள். வயசான விதவையை விட்டுவிட்டார்கள்.

2008இல் பெரியம்மாவுக்கு முதுகிலிருந்து மார்பு வரை அக்கி வந்தது. நம்ம பக்கம் அக்கிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் இல்லை. குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதுவார்கள். எழுதினார்கள். காய்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. வயசானால் அக்கி வருவது சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், வயசானால் வரும். எதிர்ப்புச் சக்தி இறங்கினாலும் வரும். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வயசானவர்களிடம் இந்த நோய் மறைந்திருப்பதன் சூட்சுமமே இதுதான். இருபத்தைந்து வயசுக்காரன் பத்து கிலோ இளைத்தால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். அறுபது வயசுக்காரி இளைத்தால் சுகர் பார்ப்பார். சுகர் இல்லை என்றால் 'கவலைப்படாதீங்க, சத்தா சாப்பிடுங்க' என்பார். பெரியம்மாவின் நாக்கில் வெள்ளை படிந்தது, முழுங்க முடியவில்லை. சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாயங்காலக் காய்ச்சலுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூணு வருஷத்தில் நாலு ஆஸ்பத்திரி, எல்லாம் கூலிக் காசு. சளியைச் சோதித்தால் டி.பி. கிருமி இல்லை என்று வந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் காசநோய் இருந்தாலும் சளியில் தெரியாமல் போவது உண்டு. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு, டாக்டரிடம் சொல்வது தமிழ், அவர் சீட்டில் எழுதுவது இங்கிலீஷ். மூணு பாஷை தாண்டிப் போவதற்குள் சீக்கு எங்கேயோ நழுவிவிடுகிறது.

கடைசியில் 2011இல் கழுத்தில் கட்டி வந்து, அதிலிருந்துதான் காசநோய் என்று தெரிந்தது. காசநோயாளிகளுக்கு எச்.ஐ.வி. சோதனையும் செய்ய வேண்டும் என்ற விதி அதற்குள் வந்திருந்ததால் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆலோசகராக இருந்த பெண் எத்தனை பேரைப் பார்த்தவளோ, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அந்தக் கையைப் பிடித்ததை இன்றைக்கும் பெரியம்மா சொல்வாள். அதற்கு முன்னாடி பெரியம்மா கேட்டது: "ஏங் கண்ணு, எனக்கெதுக்கு அந்த டெஸ்ட்டு? நாந் தீட்டு நின்னு பத்து வருசமாச்சே." சி.டி.4 எண்ணிக்கை 86. ஆரோக்கியமான உடம்பில் 500க்கு மேல் இருக்க வேண்டியது. 350க்குக் கீழே போய்க் கண்டுபிடித்தாலே 'தாமதம்' என்று ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள், 200க்குக் கீழே போனால் முற்றிய நிலை. 86க்கு என்ன பேர் வைப்பது.

விஷயம் தெரிந்ததும் அவள் அழவில்லை. சித்தப்பாவைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்த மனுசன் செத்தப்பவே சொல்லியிருந்தா, இந்த எட்டு வருசமும் நாஞ் சும்மா இருமிக்கிட்டுக் கெடந்திருக்க மாட்டனே?"

தனி டம்ளர் வந்தது. காட்டுக்காரர் வீட்டு வாசலில் கொட்டாங்கச்சியில் டீ குடித்து வளர்ந்தவளுக்குத் தனி டம்ளர் புதுசில்லை. சொந்தத் தெருவில், சொந்த மருமகள் எடுத்து வைத்த தனி டம்ளர்தான் புதுசு. தீண்டாமையை எதிர்த்து மேடையேறுகிற நாம் நம் வீட்டு அடுப்படிக்குள் இந்த டம்ளரை அனுமதித்தோம் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சேர்ந்து உண்பதால் இது பரவாது என்பது தெரியாமல் இல்லை. நோட்டீஸ் கொடுத்தவர்களே அதைச் செய்தார்கள்.

இன்னொரு கதை. என் சிநேகிதன் ஒருவனின் அப்பா, நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2014இல் 66 வயசில் கண்புரை ஆபரேஷனுக்குப் போனார். எதற்கு என்று சொல்லாமல் ரத்தம் எடுத்தார்கள். ஆபரேஷன் அன்றைக்குக் காலையில், "கண்ணு இன்னும் முத்தலே பெரியவரே, அப்புறம் வாங்க" என்று ஒரு சீட்டை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ப்ளஸ் டூ படித்த பேரன்தான் அந்தச் சீட்டை வாசித்தான். தாத்தாவுக்கு அவன் எதைச் சொல்வான்? சில மாசத்தில் பெரியவருக்குத் தீராத தலைவலி, ஆள் அடையாளம் தெரியாத பேச்சு. 'வயசான மறதி' என்றார்கள் வீட்டில். 'குடிச்சுக் குடிச்சு மூளை போச்சு' என்றார்கள் ஆஸ்பத்திரியில். சாக்கடையில் இறங்குகிறவன் குடிப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே, அதற்கு மேல் எதற்குச் சோதிக்க வேண்டும்? மூளை உறையில் பூஞ்சைத் தொற்று என்று கண்டுபிடித்தபோது நாள் கடந்துவிட்டது. கடைசிவரை அந்தக் கண்புரையோடுதான் இருந்தார்.

அவர் பெண்டாட்டி செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. 'கிழவனுக்கு எங்கிருந்து வந்தது' என்று இப்போது படிக்கிறவர்களுக்கும் தோன்றும். டாக்டர்களுக்கும் அதே கேள்விதான், அதனால்தான் அவர்கள் கேட்பதே இல்லை. வயசானவர்களிடம் போய் 'யாரோடாவது படுத்தீங்களா' என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். மரியாதை கொடுத்தே ஆளைச் சாகடிப்பது. பெரியம்மா விஷயத்தில் எல்லோருக்கும் வசதியாக ஒரு செத்துப்போன புருஷன் இருந்தார்; பாவம், அப்பாவி, அந்தாளால் வந்தது என்று முடித்துக்கொண்டார்கள். பெரியம்மாவுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஐம்பது வயசு விதவைக்கு ஆசையோ ஆளோ இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்வது எந்த சாஸ்திரம்? சனாதனம் விதவைக்கு விதித்ததையேதான் நோய்க்கணக்கும் விதிக்கிறது.

ஆணுறை விஷயமும் இப்படித்தான். 1968இல் நிரோத் வந்தபோதே அது பிள்ளை வேண்டாம் என்பதற்கான சாமானாகத்தான் நம் ஜனங்களிடம் வந்தது. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்தவளுக்கு, தீட்டு நின்றவளுக்கு அது எதற்கு என்பதுதான் எங்கள் தெருவின் தர்க்கம். அதில் தப்புச் சொல்ல முடியாது. பிள்ளைக்காக மட்டும் ஒரு பொருளை அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு கிருமிக்காகவும் என்று சேரிக்கு வந்து யார் சொன்னது?

ரத்தம் ஏற்றினவர்களையும் விடக்கூடாது. ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது 1989இல், காசுக்கு ரத்தம் விற்பது தடையானது 1998இல். அதற்கு முந்தி கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்றின பெண்கள் எத்தனை பேர்.

உடம்பின் நியாயமும் இவர்களுக்கு எதிராகவே இருக்கிறது. மருந்து இல்லாவிட்டால் இந்தக் கிருமி பொதுவாக எட்டு, பத்து வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். வயசான பிறகு தொற்றினால் அந்தக் காலம் சுருங்கும். மருந்து ஆரம்பித்த பிறகும் சி.டி.4 இளவட்டங்களுக்கு ஏறுகிற வேகத்தில் ஏறாது. ஆனாலும் ஏறும். கிருமி அடங்கும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் 'வயசாயிருச்சு, இனிமே எதுக்கு' என்ற பேச்சு நிற்கிறது. பெரியம்மாவுக்கு முதலில் கொடுத்த மருந்தில் ரத்தசோகை வந்தது, மாற்றினார்கள். இன்னொரு மாத்திரை ராத்திரியில் தலைசுற்றும், கனவு வரும். "தெனமும் அந்த மனுசன் வந்து கால்மாட்டுல நிக்கிறாரு கண்ணு, போய்த் தொலைங்கறேன், போவாம நிக்கிறாரு" என்று சிரிப்பாள். 2020க்குப் பிறகு டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை வந்ததும் பெரியப்பா வருவதை நிறுத்திவிட்டார். எழுபதைத் தாண்டிவிட்டாள். நூறுநாள் வேலைக்குப் போய் மேஸ்திரியோடு சண்டை போடுகிறாள்.

2004இல் சி.டி.4 200க்குக் கீழே போனால்தான் பொதுவாக மருந்து. பிறகு 350 என்றார்கள். 2017 முதல், கண்டுபிடித்த உடனேயே எல்லோருக்கும் மருந்து. அதே வருஷம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் வந்தது, 2018 செப்டம்பர் 10இல் அமலானது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது, நோயைக் காட்டி வைத்தியத்தை மறுக்கக் கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான். அது சும்மா வரவில்லை. நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யா பெரியசாமி போன்றவர்கள் தங்கள் முகத்தைக் காட்டி, 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே அமைப்புக் கட்டி, ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஆனால் சோதனைக்கே கூப்பிடப்படாதவளுக்கு மருந்துக் கதவு திறந்தென்ன, சட்டம் வந்தென்ன? இன்றும் சோதனை வலையின் கண்ணிகள் கர்ப்பிணி, பாலியல் தொழிலாளி, லாரிக்காரர், காசநோயாளி என்றே பின்னப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2006இல் ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோரையும் வழக்கமாகவே சோதிக்கலாம் என்று பரிந்துரைத்தபோதுகூட 13 முதல் 64 வயசு என்று கோடு போட்டார்கள். கோடு கொஞ்சம் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பே 2013இல்தான் 50 தாண்டியவர்களுக்கென்று தனியாக ஓர் அறிக்கை போட்டது. உலகத்தில் அப்படி 36 லட்சம் பேர் தொற்றோடு வாழ்கிறார்கள் என்றது.

மூணு வருஷமாக நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு காலனிகளிலும் 1995க்கும் 2004க்கும் இடையில் 'டி.பி.'யில் செத்த ஆண்களின் பெயர், வண்டிக்குப் போன ஊர், செத்த வருஷம், விட்டுப்போன பெண்டாட்டி. ஊர்க் கணக்கில் இல்லாததை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நோட்டில் இருக்கும் பெண்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள், எதனால் என்று யாரும் கேட்கவில்லை. மிச்சமிருப்பவர்களின் வீட்டுக்குப் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். பேசுவது அவள்தான், நான் வெளியே நிற்பேன். "நான் சாவல பாரு, எந்திரிச்சு வாடி" என்பாள். சிலர் நம்பிக்கை மையத்துக்கு வந்தார்கள். முடிவு என்ன என்பது அவர்களுடையது, இங்கே எழுதுவதற்கில்லை. ஒரு பாட்டி மட்டும், நாலு மாசமாக வாய்ப்புண்ணும் காய்ச்சலுமாகக் கிடப்பவள், ஆடி கழியட்டும் சாமி என்றாள். ஆடி கழிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறோம்.